லியோனில் ஓர் ஊசி, சென்னையில் ஒரு வரிசை

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 26ஆம் நாள் திருச்சபை புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் ஆகியோரை நினைவுகூர்கின்றது. உடன்பிறந்தோரான இவ்விருவரும் மருத்துவர்கள். நோயாளிகளிடம் காசு வாங்காதவர்கள் என்பதால், கிழக்குத் திருச்சபையினர் இவர்களுக்குக் 'காசில்லார்' என்னும் பொருள்படும் பட்டத்தையே சூட்டினர். மரபுவழிக் கதையொன்று இவர்களைப் பற்றி உண்டு. உரோமையில் இவர்கள் பெயரால் அமைந்த ஆலயத்தின் பணியாளர் ஒருவருக்குக் கால் அழுகிப்போயிற்று. இரவில் அவர் உறங்குகையில் புனிதர் இருவரும் கனவில் தோன்றி, அன்று அடக்கம் செய்யப்பட்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவரின் காலை எடுத்து வந்து அவருக்குப் பொருத்தினர் என்பது கதை. ஐரோப்பிய ஓவியர் பலர் இக்காட்சியைத் தீட்டியுள்ளனர். வெள்ளை உடலில் ஒரு கறுப்புக் கால்!

இது வரலாறு அன்று. பக்தியில் முளைத்த கதை. எனினும் இரண்டு செய்திகளை இக்கதை தனக்குள் பொதிந்து வைத்திருக்கின்றது. ஒருவர் உடலின் உறுப்பு மற்றொருவருக்கு வாழ்வு தரக்கூடும் என்னும் கனவு, மனித இனத்திற்கு மிகப் பழையது. இது முதலாவது. இரண்டாவது செய்தியோ நம்மை உறுத்துவது. புதைக்கப்பட்ட அந்தக் கறுப்பு மனிதரிடமோ, அவருடைய வீட்டாரிடமோ எவரும் சம்மதம் கேட்டதாகக் கதையில் இல்லை. அவருடைய பெயர்கூட நமக்குச் சொல்லப்படவில்லை. பெற்றவரின் மகிழ்ச்சி பாடப்படுகின்றது, கொடுத்தவர் மறக்கப்படுகின்றார். உறுப்பு மாற்று மருத்துவத்தின் உண்மையான வரலாற்றைப் படிக்கும்போது, இவ்விரண்டு இழைகளும் பின்னிப் பிணைந்தே வருவதைக் காண்கிறோம்.

குத்துண்ட தலைவரும் பட்டு நூலும்

1894 ஜூன் 24ஆம் நாள். பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகருக்கு வந்திருந்தார். அரசே வேண்டாம் என்னும் கொள்கை கொண்ட இத்தாலிய இளைஞன் ஒருவன் அவரைக் கத்தியால் குத்தினான். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டது. நகரின் சிறந்த அறுவை மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும் பயனில்லை. மறுநாள் புலர்வதற்குள் அவர் இறந்தார். அறுந்த பெரிய குழாயைத் தைத்து மூடும் கலையை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

அதே நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த, 21 வயது நிறைய நான்கு நாள் இருந்த இளைஞர் ஒருவரை இச்சாவு ஆழமாகப் பாதித்தது. அவர் பெயர் அலெக்ஸிஸ் காரெல். 1873இல் லியோனை அடுத்த சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 'துணியைத் தைக்க முடிகிறது. குழாயைத் தைக்க ஏன் முடியாது?' என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கே பூத்தையலில் கைதேர்ந்த திருமதி லெருதியே என்னும் பெண்மணியிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியையும் நூலையும் கையாளும் முறையைக் காரெல் கற்றார். மருத்துவப் பேராசிரியர்களிடம் கிடைக்காத பாடம், கைத்தொழில் செய்யும் ஒரு பெண்ணிடம் கிடைத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

1902இல் அவர் தம் முறையை வெளியிட்டார். அதன் நுட்பத்தை எளிதாகவே விளக்கலாம். அறுபட்ட குழாயின் வாய் வட்டமானது, மென்மையானது, தைக்கப்போனால் சுருங்கி மடங்கும். காரெல் அதன் விளிம்பில் சம தூரத்தில் மூன்று தையல்களை இட்டு, அவற்றை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கச் செய்தார். வட்டம் முக்கோணமாயிற்று. வளைந்த விளிம்பு மூன்று நேர்கோடுகளாக மாறியதும் தைப்பது எளிதாயிற்று. குழாயின் உட்புறத்து வழவழப்பான படலம் மட்டுமே இரத்தத்தைத் தொடுமாறு விளிம்புகளைச் சற்றே வெளிப்புறம் மடித்தார். வாசலின் தடவிய பட்டு நூலைப் பயன்படுத்தினார். இரத்தம் கரடுமுரடான இடத்தையோ அந்நியப் பொருளையோ தொட்டால் உறைந்துவிடும். உறைந்தால் குழாய் அடைபடும். காரெலின் கையில் தைத்த குழாய்களில் இரத்தம் தங்குதடையின்றி ஓடிற்று.

அதே ஆண்டில்தான் அவர் லூர்து நகருக்கும் சென்றார். நோயாளிகளை ஏற்றிச் சென்ற இரயிலில் மருத்துவராக உடன் சென்ற அவர், வயிற்றில் காசநோய் முற்றிச் சாகும் நிலையில் இருந்த இளம்பெண் ஒருவர் மாதாவின் கெபிக்கு முன்பாகத் தம் கண்ணெதிரே நலம் பெற்றதைக் கண்டார். கண்டதைக் கண்டபடி கூறினார். அவருடைய நகரத்து மருத்துவ உலகம் அவரை ஏளனம் செய்தது. பக்தர்களுக்கோ அவருடைய பேச்சு ஐயம் மிகுந்ததாய்த் தோன்றியது. வில்லியனூர் மாதாவின் தேர் பவனிக்கு ஆண்டுதோறும் செல்லும் நமக்கு, லூர்து என்னும் பெயர் எவ்வளவு நெருக்கமானது! அந்தப் பெயரை உச்சரித்ததும் காரெலின் வாய்ப்புகள் குறைந்தன. லியோனில் மருத்துவமனைப் பதவி கிட்டாத அவர் 1904இல் கடல் கடந்தார். கனடா சென்று, பின்னர் சிகாகோவில் சார்லஸ் கத்ரியோடு இணைந்து நாய்களில் சிறுநீரகங்களை மாற்றிப் பொருத்தும் ஆய்வுகளைச் செய்தார். 1906இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையம் அவரை ஏற்றுக்கொண்டது.

1908இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கலையின் அருமையைக் காட்டும். நியூயார்க்கில் ஒரு மருத்துவருக்குப் பிறந்த பச்சிளங் குழந்தை இரத்தம் வடிந்து இறந்துகொண்டிருந்தது. நள்ளிரவில் காரெலை அழைத்தனர். தந்தையின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் காலில் இருந்த, நூல்போன்ற சிரையுடன் அவர் தைத்து இணைத்தார். தந்தையின் இரத்தம் நேரே பிள்ளையின் உடலுள் பாய்ந்தது, வெளிறிய உடல் சிவந்தது, குழந்தை பிழைத்தது. 1912இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு காரெலை அடைந்தது.

கை சென்ற இடத்திற்கு இதயம் செல்லவில்லை

எனினும் காரெல் ஒரு சுவரில் முட்டி நின்றார். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாயின் உடலில் வேறிடத்தில் வைத்தால் அது வேலை செய்தது. மற்றொரு நாயின் சிறுநீரகத்தை வைத்தாலோ, தையல் பழுதின்றி இருந்தும் சில நாட்களில் அது செத்தது. குற்றம் தையலில் இல்லை. உடல் தனக்கு அந்நியமானதை அடையாளம் கண்டு தள்ளிவிடுகின்றது என்பதை அவர் உணர்ந்தார். அதற்குத் தீர்வு காணும் வழி அவருக்குக் கிட்டவில்லை.

மற்றொரு சுவரும் இருந்தது. அது அவர் தாமே எழுப்பியது. 1935இல் அவர் எழுதி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்ற நூலில், மனிதரைத் தகுதியுள்ளோர், தகுதியற்றோர் எனப் பிரித்தார். கொடிய குற்றவாளிகளையும், மனநோயால் குற்றம் புரிந்தோரையும் நச்சு வாயு கொண்டு அகற்றலாம் என்னும் அளவுக்குச் சென்றார். 1941இல் செருமானியர்க்குப் பணிந்த விஷி அரசின் ஆதரவில் மனிதப் பிரச்சினைகளுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1944 நவம்பரில், நாடு விடுதலை அடைந்த சில மாதங்களில், பழிச்சொல்லின் நிழலில் பாரிசில் இறந்தார். லியோனில் அவர் பெயரைத் தாங்கியிருந்த மருத்துவக் கல்லூரி 1996இல் அப்பெயரை நீக்கிவிட்டது.

ஒரு குழந்தையைக் காக்க நள்ளிரவில் எழுந்து ஓடிய அதே மனிதர், சில உயிர்கள் காக்கத் தகுதியற்றவை என்றும் எழுதினார். இதை மறைத்து அவரைப் புனிதராக்குவதும் தவறு. இதைக் காட்டி அவருடைய தையலை மறுப்பதும் தவறு. நாம் கற்க வேண்டியது ஒன்றே. கைத்திறனும் அறிவும் எவ்வளவு உயர்ந்தாலும், யாருக்கு வாழ உரிமை உண்டு என்னும் கேள்விக்கு அவை தாமாகப் பதில் சொல்லிவிடா.

உடல் தள்ளும் சிக்கலுக்குப் பிறர் வழி கண்டனர். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் முர்ரே, ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். இரு உடல்களும் இயல்பில் ஒன்றாய் இருந்தமையால், உறுப்பு தள்ளப்படவில்லை. நலமாயிருக்கும் ஒருவரின் உடலை அவருடைய நன்மைக்காக அன்றிப் பிறர் நன்மைக்காக அறுக்கலாமா என்னும் கேள்வி முர்ரேயைக் குடைந்தது; கத்தோலிக்கரான அவர் பல சமயத் தலைவர்களின் கருத்தையும் கேட்டறிந்த பின்னரே கத்தியைக் கையிலெடுத்தார். 1990இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1967இல் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டியான் பர்னார்டு இதயத்தையே மாற்றினார். 1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பரவலாகக் கிடைத்தபின், உறவினர் அல்லாதவரின் உறுப்பும் உடலில் நிலைத்தது.

அந்த மருந்தே நம் மண்ணில் ஒரு பாவத்திற்கும் வாயில் திறந்தது.

வில்லிவாக்கத்தின் தழும்புகள்

தமிழகத்தில் இக்கலை நல்ல முறையிலேயே தொடங்கிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடைபெற்றது. உறவினர் உறவினருக்குக் கொடுத்த காலம் அது. அந்நியரின் உறுப்பும் பொருந்தும் என்றானபின், பணமுள்ளவர் ஏழையின் வீட்டு வாசலில் வந்து நின்றார். சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றோர் பெருகவே, அவ்வூரின் பெயரையே திரித்துக் 'கிட்னிவாக்கம்' என மக்கள் அழைத்தனர்.

1994இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச் சாவைச் சாவாக ஏற்றது. ஆனால் அன்பின் பேரில் உறவினர் அல்லாதவரும் ஒரு குழுவின் ஒப்புதலோடு கொடுக்கலாம் என்னும் பிரிவும் அதில் இருந்தது. அந்தச் சிறு கதவின் வழியே தரகர்கள் நுழைந்தனர். 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். 71 விழுக்காட்டினர் பெண்கள். விற்றபின் குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் தம் உடல்நலம் சீர்கெட்டதாகக் கூறினர். கடனும் தீர்ந்தபாடில்லை. 2007இல், ஆழிப்பேரலையில் அனைத்தையும் இழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. வலையும் படகும் போனபின் விற்பதற்கு அவர்களிடம் எஞ்சியிருந்தது உடல் ஒன்றே.

வரிசையை அமைத்த மருத்துவர்

இச்சூழலில்தான் நம் காலத்து அறுவை மருத்துவர் ஒருவரின் பணி முன்வருகின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரத்தக் குழாய் அறுவைத் துறையின் பேராசிரியராய் விளங்கியவர் மருத்துவர் ஜோ. அமலோற்பவநாதன். அமலோற்பவ அன்னையின் பேராலயத்தைத் தலைமைக் கோயிலாகக் கொண்ட புதுவையில் இப்பெயர் நமக்குப் புதியதன்று. இரத்தக் குழாய் அறுவை என்பது காரெலின் நேரடிக் கால்வழி எனலாம். சர்க்கரை நோயாலும் புகைப் பழக்கத்தாலும் குழாய் அடைபட்டுக் கால் கருகியவர்களும், சிறுநீரகம் செயலிழந்து இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துக்கொள்ள வேண்டியவர்களும் இத்துறையை நாடி வருகின்றனர். அரசுப் பொது மருத்துவமனையில் அவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அத்தகைய இடத்தில் பணிபுரியும் மருத்துவர், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காமல் தேயும் உயிர்களை நாள்தோறும் காண்கின்றார்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியரின் மகன், பள்ளி மாணவன், சாலை விபத்தில் மூளைச் சாவு அடைந்தான். பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடையளித்தனர். போக்குவரத்தைக் காவல்துறை ஒழுங்குபடுத்தித் தர, அவனுடைய இதயம் சென்னை நகரைக் கடந்து விரைந்து சென்று ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பில் துடித்தது. மகனை இழந்த அந்தப் பெற்றோரின் பெருந்தன்மை, எந்தப் பிரசாரமும் செய்ய இயலாத மாற்றத்தை மக்கள் உள்ளத்தில் செய்தது.

அவ்வாண்டிலேயே தமிழக அரசு இறந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டத்தை வகுத்தது. அதன் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றவர் அமலோற்பவநாதன். 1997இல் சென்னையில் அறுவை மருத்துவர் சுனில் ஷராப் தொடங்கிய மோகன் அறக்கட்டளை, துயருறும் குடும்பங்களோடு பரிவுடன் பேசுவதற்கான பணியாளர்களைப் பயிற்றுவித்து வந்தது. அவ்வுழைப்பும் திட்டத்திற்குக் கைகொடுத்தது.

ஒருங்கிணைப்பாளர் பணி என்பது என்ன? கத்தி பிடிப்பதன்று, வரிசை அமைப்பது. மாநிலம் முழுவதும் உறுப்புக்காகக் காத்திருப்போரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றுதல், எங்கேனும் ஒருவர் மூளைச் சாவு அடைந்து குடும்பம் இசைந்தால், இரத்தப் பிரிவும் உடல்நிலையும் காத்திருந்த காலமும் பார்த்து விதிப்படி அடுத்தவரை அழைத்தல், அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் ஒரே விதிக்கு உட்படச் செய்தல் ஆகியன அப்பணியின் கூறுகள். செல்வாக்குள்ள ஒருவர் தொலைபேசியில் கேட்டால் வரிசை மாறிவிடுமானால், கொடுக்க முன்வரும் ஏழைக் குடும்பம் இனி எதற்காகக் கொடுக்கும்? நம்பிக்கை போனால் திட்டமும் போகும். எனவே வரிசையின் நேர்மைதான் இத்திட்டத்தின் உயிர்.

2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் உருவானபோது அதன் உறுப்பினர் செயலராகவும் அவர் பணியாற்றினார். 2021இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். தமிழகம் இறந்தோர் உறுப்புக் கொடையில் பல ஆண்டுகள் நாட்டில் முன்னணியில் நிற்கின்றது. 2024இல் மட்டும் 268 பேரின் குடும்பங்கள் இசைவு தந்துள்ளன. 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், இரு கைகளையும் இழந்த தொழிலாளி ஒருவருக்கு இறந்தவரின் கைகள் பொருத்தப்பட்டன. நெல் தண்டினும் மெல்லிய குழாய்கள் அங்கே தைக்கப்பட்டன. கொடையாளரின் உடல் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்படும் என 2023இல் அரசு அறிவித்தது. பெயரற்றுப் போன அந்தப் பழங்கதையின் மனிதருக்குக் கிட்டாத மரியாதை இது.

குறைகள் இல்லாமல் இல்லை. 2018இல் இதயங்களும் நுரையீரல்களும் வெளிநாட்டவருக்கு மிகுதியாகச் சென்றது பற்றிக் கடுமையான கேள்விகள் எழுந்தன. உயிருள்ளோர் கொடுக்கும் சிறுநீரகங்களில் வேறோர் அநீதியும் உண்டு. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் உயிருள்ளோரிடமிருந்து உறுப்பு பெற்றவர்களில் ஐவரில் நால்வர் ஆண்கள். கொடுத்தவர்களிலோ பெரும்பாலோர் பெண்கள். தாயும் மனைவியும் கொடுக்கின்றனர். அவர்களுக்கு நோய் வந்தால் கொடுப்பார் அரிது. நம் கிறிஸ்தவ இல்லங்கள் இதற்கு விலக்கு என்று துணிந்து கூற நம்மால் இயலுமா?

திருச்சபையின் குரலும் நம் தயக்கமும்

1956இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் கண் விழித்திரைக்கு முன்னுள்ள கருவிழிப் படலத்தைக் கொடையாக அளிப்போரைச் சந்தித்து, இறந்தபின் உடலைப் பிறர்நலத்திற்காக அளிப்பது இறந்தோர்க்குச் செய்யும் அவமதிப்பன்று எனத் தெளிவுபடுத்தினார். இரண்டாம் அருள் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி என்னும் சுற்றுமடலில், முறையாகச் செய்யப்படும் உறுப்புக் கொடையை அன்றாட வாழ்வின் வீரச்செயல்களில் ஒன்றாகப் பாராட்டினார். 2000 ஆகஸ்டு 29இல் உரோமையில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டில் பேசுகையில் மேலும் சில கருத்துகளை வற்புறுத்தினார். உறுப்பை வணிகப் பொருளாக்குவது மனித மாண்புக்கு எதிரானது; கொடுப்பவர் முழு விளக்கம் பெற்று மனமுவந்து இசைய வேண்டும்; உறுப்புகளைப் பங்கிடுகையில் செல்வம், இனம், சமயம், சமூக நிலை ஆகியவற்றைப் பாராது மருத்துவ அளவைகளையே பார்க்க வேண்டும். மூளை முழுமையாகவும் மீளா நிலையிலும் செயலிழந்ததை உறுதிசெய்யும் அளவை, கண்டிப்புடன் பின்பற்றப்படுமாயின், திருச்சபையின் மனிதப் பார்வைக்கு முரணாகாது எனவும் கூறினார். வரிசையின் நேர்மையைப் பற்றி நாம் மேலே கூறியது, இவ்வாறு திருச்சபையின் அறநெறியோடும் இசைகின்றது.

ஆயினும் நம் பங்குகளில் தயக்கம் இருக்கின்றது. மார்பு ஏறி இறங்குகிறது, உடல் சூடாயிருக்கிறது, எப்படிச் சாவு என்பது? இது நியாயமான கேள்வி. மூச்சு விடுவது இயந்திரம். மூச்சை ஆளும் மூளைத்தண்டு இறந்துவிட்டது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்தே இதைச் சான்றளிக்க வேண்டும் என்பது சட்டம். இயந்திரத்தை விலக்கினால் மூச்சு எழுகிறதா என்பதும் அச்சோதனையில் அடங்கும். கேட்கும் உரிமை குடும்பத்திற்கு உண்டு. மறுக்கும் உரிமையும் உண்டு. மறுத்தவரைக் குறை கூறல் நம் வேலையன்று.

மற்றொரு தயக்கம், 'உடல் முழுமையாய் இல்லாவிடில் உயிர்த்தெழுதல் எப்படி?' என்பது. இதற்கு விடையும் லியோன் நகரிலேயே உண்டு. கி.பி. 177இல் அந்நகரின் கிறிஸ்தவர்கள் மறைசாட்சிகளாய்க் கொல்லப்பட்டனர். இவர்கள் மீண்டும் எழக் கூடாது என்று பகைவர்கள் அவ்வுடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தனர். ஆற்றில் கரைந்த சாம்பலையும் ஆண்டவர் அறிவார் என்பதே அன்றைய திருச்சபையின் நம்பிக்கையாயிற்று. பகைவர் வெறுப்பால் சிதைத்த உடலை எழுப்ப வல்லவர், அன்பால் பகிரப்பட்ட உடலை எழுப்ப மாட்டாரோ?

1823இல் பிரெஞ்சு ஆட்சியில் மருத்துவப் பள்ளி கண்ட ஊர் நம் புதுவை. அதன் வழித்தோன்றலான ஜிப்மர் மருத்துவமனையில் 2012 முதல் சிறுநீரக மாற்று நடைபெறுகின்றது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்தேறி வந்து அங்கே காத்திருப்போரில் நம் பங்கு மக்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டுவது திறமான கை மட்டுமன்று. எங்கோ ஒரு வீட்டில் சாவுக்கு முன்பே பேசி முடிக்கப்பட்ட ஒரு முடிவு. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில், கண்ணீரின் நடுவில், முதன்முறையாக அதைக் கேட்கும் குடும்பம் திகைக்கவே செய்யும். உயிருடன் இருக்கும்போதே, உணவு வேளையிலோ குடும்பச் செபம் முடிந்தபின்னரோ, நம் விருப்பத்தை மனைவி மக்களிடம் சொல்லிவைத்தால் அச்சுமை குறையும். அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கி, மருத்துவர் ஒருவரை அழைத்து ஐயங்களைக் கேட்டுத் தெளிதல் நலம். இவ்வாண்டுக் கோஸ்மாஸ் தமியான் திருநாளை ஒட்டி இதைத் தொடங்கலாமே!